தெளிந்த தண்ணீரில் ஒரு சாக்கு

ஜெரோமின் செல் அடித்தது. காயத்ரி.

"ஜெரோம், தண்ணி தெளிஞ்சிடுச்சு. அடி வரைக்கும் தெரியுது. சீக்கிரம் வா. தனியா வா."

தனியா!

மோட்டார் மேடையில் நின்றிருந்த ஜெரோம் செல்லைப் பையில் போட்டான். பயம் வரும் என்று எதிர்பார்த்தான்...

வரவில்லை.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையோரக் கல்குவாரி அது. வெடி வைக்குமுன் ஊதல் ஊத வேண்டியவன் ஹரிகிருஷ்ணன். ஒருநாள் ஊதவில்லை. ஜெரோமின் தம்பி ஜோஷ்வா பாறைக்கு அடியில் போனான். குவாரியை மூடினார்கள். மழை நிரப்பியது.

ஏன் ஊதவில்லை என்று கேட்டதற்கு ஹரிகிருஷ்ணன் சிரித்தான்.

"மறந்துட்டேன் மச்சான்."

கடப்பாரையால் ஒரே அடி. வெள்ளைச் சாக்கு. உள்ளே அவனும் கல்லும். பிறகு தண்ணீர்.

ஹரிகிருஷ்ணன் ஆந்திராவுக்கு ஓடிவிட்டதாக ஊர் பேசியது. ஜெரோம் மறுக்கவில்லை.

இப்போது அந்தத் தண்ணீரை இறைத்து, சுத்தம் செய்து, கடலோர ஊர்களுக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். பம்ப் ஆபரேட்டர் வேலையை ஜெரோம் கேட்டு வாங்கியதே காவலுக்குத்தான். மட்டம் ரொம்ப இறங்கினால், மோட்டார் சூடாகிறது என்று சொல்லி நிறுத்திவிடுவான்.

ஆழத்தைக் காத்தான். கலங்கலைக் காக்க மறந்தான்!

சுத்திகரிப்புப் பொறுப்பாளராக வந்த காயத்ரி, படகில் சுற்றிச் சுற்றிக் குவாரிக்குள்ளேயே படிகாரம் கரைத்தாள். சேறு திரண்டு அடியில் இறங்கியது. மேலே... கண்ணாடி.

அவள் படகில் காத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவன் ஏறி உட்கார்ந்ததும் விரல் நீட்டினாள்.

கீழே ஒரு வெள்ளைச் சாக்கு.

"யார்கிட்டயும் மூச்சு விடாத. கொக்கி போட்டு எடுத்துடலாம். ஆபீசுக்குத் தெரிஞ்சா என் வேல காலி."

ஜெரோம் சாக்கையே பார்த்தான். இந்தப் பெண் எதற்காகத் தன்னைக் காப்பாற்ற வேண்டும்? புரியவில்லை. புரிந்துகொள்ளவும் தெம்பில்லை.

"உங்க வேல இன்னாத்துக்கு மேடம் போவணும்? போட்டது நானு."

"இன்னா ஒளர்ற?"

"ஒரே அடி. கத்தக்கூட இல்ல. ஹரிகிருஷ்ணன் ஆந்திராவுல இல்ல மேடம். இங்கதான் கீறான்."

துடுப்பு அவள் கையிலிருந்து நழுவியது. அதை யாரும் எடுக்கவில்லை.

"ஜெரோம்... அது படிகார மூட்டை. காலைல என் கை தவறி வுழுந்துச்சு. ஏற்கெனவே ஒண்ணத் தவறவிட்டு மெமோ வாங்கினேன். அதான்..."

அவன் மறுபடி குனிந்தான். சாக்கின் மேல் நீல எழுத்தில் கம்பெனிப் பெயர். அவன் போட்ட சாக்கை எங்கும் காணோம். காயத்ரி இறக்கிய சேறே அதைப் பத்திரமாக மூடியிருந்தது.

அவள் செல்லை எடுத்தாள். போலீசுக்கு அடிக்கப் போய், எண்கள் தவறின.

"நிதானமா அடிங்க மேடம்," என்றான் ஜெரோம். "அப்பறம், மிச்சப் படிகாரத்த குடோன்லயே வெச்சிடுங்க. இதுக்கு மேல தெளிய ஒண்ணுமில்ல."