வடக்கில் எத்தனை பேர்?

"அம்மா, வடக்கில எத்தனை சனம் இருக்கினம்?"

சனிக்கிழமை காலையில் நிரூபா இப்படிக் கேட்டாள். கேட்டிருக்கவே கூடாது என்று அடுத்த நொடியே தெரிந்துவிட்டது.

அம்மா தோசையைப் புரட்ட மறந்து நின்றார். தேநீர் குடித்துக்கொண்டிருந்த மக்டலீன் அன்ரி கோப்பையைக் கீழே வைத்தார்.

"எத்தனை பேர் மிச்சம் எண்டு ஆருக்குப் பிள்ளை தெரியும்?" என்றார் அன்ரி.

நிரூபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கேட்டது கனடாவின் வடக்கை. அங்குள்ள நூனவுட் பிரதேசத்தில் எத்தனை மக்கள், என்ன இனம், என்ன மதம் என்று பள்ளிக்கூடத்தில் அட்டவணை போடச் சொல்லியிருந்தார்கள். ஆனால் இந்த வீட்டில் வடக்கு என்றால் ஒரே ஒரு வடக்குத்தான். அது இலங்கையில் இருக்கிறது. அங்கே போர் முடிந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது.

மக்டலீன் அன்ரி அவர்களுடைய ஸ்காபரோ வீட்டின் பேஸ்மெண்டில் வாடகைக்கு இருப்பவர். அவருடைய தங்கை கிளடிஸின் குடும்பம் போர் நடந்த இடத்தில் இருந்தது. ஐந்து பேர். நான்கு மாதமாக ஒரு தகவலும் இல்லை.

"சொறி அன்ரி. நான் நூனவுட்டைக் கேட்டன்."

"பரவாயில்லை. அங்க எத்தனை பேராம்?"

"முப்பதாயிரத்துக்குக் கிட்ட. இலங்கையைப் போல முப்பது மடங்கு இடம், ஆனா சனம் அவ்வளவுதான்."

"எல்லாரையும் எண்ணிப்போட்டினமோ?"

"ஓம். ஒருத்தரையும் விடாமல் எண்ணுவினமாம்."

அன்ரி ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தார்.

பத்து மணிக்கு அன்ரியின் மடிக்கணினிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. போரில் தப்பியவர்களை வைத்திருந்த முகாம் ஒன்றின் பெயர்ப் பட்டியலை, அன்ரிக்குத் தெரிந்த ஒருவர் அனுப்பியிருந்தார். ஆங்கிலத்தில் முந்நூறு பக்கம். அன்ரி அவசரமாகத் தங்கையின் பெயரை எழுதித் தேடினார். இல்லை என்றது கணினி. தங்கையின் கணவர் அருள்நாயகத்தின் பெயரைப் போட்டார். இல்லை.

"ஒருத்தரும் இல்லை அக்கா," என்று அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதார். பெரியவர் ஒருவர் இப்படி அழுது நிரூபா பார்த்ததே இல்லை.

ஆனால் அவளுக்குக் கணினியின் குணம் தெரியும். ஓர் எழுத்து மாறினாலும் அது கையை விரித்துவிடும். அதோடு, நல்ல மனம் படைத்த அவளுடைய ஆசிரியையே முழுதாக ஒரு மாதம் அவளை 'நைரப்பா' என்று கூப்பிட்டவர்.

"அன்ரி, கிளடிஸுக்கு இங்கிலீசில முதல் எழுத்து என்ன போட்டனீங்கள்?"

"ஜி. வேற என்ன?"

"எழுதினவருக்கு அது எப்பிடித் தெரியும்? அவர் காதில 'கி' எண்டுதானே விழுந்திருக்கும்."

'கே' போட்டுத் தேடினார்கள். இல்லை. பத்து விதமாக எழுதியும் இல்லை.

நிரூபா பட்டியலின் மேல் வரியைப் பார்த்தாள். குடும்ப இலக்கம், பெயர், வயது, இனம், மதம், உறவு. அவளுடைய அட்டவணையைப் போலவே இருந்தது.

"பேரைப் பிழையா எழுதினாலும் வயசைப் பிழையா எழுத மாட்டினம். இனத்தால பிரயோசனம் இல்லை, எல்லாரும் தமிழ். நீங்கள் என்ன மதம் அன்ரி?"

"நாங்கள் வேதக்காரர். ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கம்."

"பிள்ளையளுக்கு எத்தனை வயசு?"

"பன்னெண்டு, ஒன்பது, நாலு."

பட்டியலில் பெரும்பாலும் 'இந்து' என்றே இருந்தது. அதனால் ஆர்.சி. பளிச்சென்று தெரிந்தது. நிரூபா மதத்தை மட்டும் பார்த்துப் பக்கங்களை நகர்த்தினாள். ஆர்.சி. வந்தால் மட்டும் வயதைப் பார்த்தாள். கண் எரிந்தது. தோசை கருகிய மணம் வந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, பன்னிரண்டு, ஒன்பது, நான்கு. ஐந்தும் ஆர்.சி.

"அன்ரி, 'குலாட்டீசு' எண்டு ஒருத்தர் இருக்கிறா. புருசன் பேர் 'அருணாயக்கா'."

அன்ரி திரையை முட்டுவதுபோலக் குனிந்தார். பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். "அவையள்தான். என்ர மாதாவே, அவையள்தான்." சிரித்தார், அழுதார், நிரூபாவின் தலையைப் பிடித்து முத்தமிட்டார்.

பிறகு திடீரென்று நிறுத்தினார். "இது ஆர்?"

ஐந்து பேருக்கும் கீழே ஆறாவதாக ஒரு வரி இருந்தது. கயல்விழி. வயது ஆறு. மதம் இந்து.

"அடுத்த குடும்பமா இருக்கும்," என்றார் அம்மா.

"இல்லை அம்மா. குடும்ப இலக்கம் ஒண்டுதான்." நிரூபா கடைசிக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். "உறவு, மகள்."

அம்மா அந்த வரியைத் திரும்பவும் வாசித்தார்.

"பெத்தவை இல்லாமல் போயிருக்கும்," என்றார் அம்மா மெதுவாக. "கிளடிஸ் தன்ரை பிள்ளையளோட சேர்த்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறா."

"மதத்தை மாத்தாமல் அப்பிடியே எழுதுவிச்சிருக்கிறாள்," என்றார் அன்ரி. "அந்தப் பிள்ளைக்கு அதெண்டாலும் இருக்கட்டும் எண்டு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து ஊரான விட்பியில் இருக்கும் தன் அண்ணனுக்கு உடனே தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, எங்கட ஆக்களைக் கண்டுபிடிச்சிட்டம். எல்லாரும் இருக்கினம்."

"அஞ்சு பேருமோ?" என்று அந்தப் பக்கத்தில் அண்ணன் கேட்டது நிரூபாவின் காதிலும் விழுந்தது.

"இல்லை அண்ணை," என்றார் அன்ரி. "ஆறு பேரும்."