பதிவில் திறக்காத மூடி

செவ்வாய், காலை 10.42. ஆனைமலைக்குப் பக்கத்தில் மோகன்குமாரின் தேங்காய் நார் மில்லில், நின்றுபோயிருந்த கரண்ட் திரும்பி வந்தது. மட்டை அடிக்கும் மெஷினை யாரும் தொடவில்லை. அது தானாக ஓடத் தொடங்கியது. மூடியைத் திறந்து, உள்ளே சிக்கிய மட்டையை எடுத்துக்கொண்டிருந்த சின்னத்தாயியின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

புதன், காலை 11.00. மெஷினின் கண்ட்ரோல் பெட்டியைச் செய்து தந்த சிங்காநல்லூர் கம்பெனியிலிருந்து லோகப்பிரியா வந்தாள். மென்பொருள் பிரிவின் தலைவி. எந்தப் பழுதானாலும் காரணத்தைப் பிடிக்காமல் திரும்பமாட்டாள் என்று பெயர் எடுத்தவள்.

சுவிட்ச் போட்டபடி இருந்தால் கரண்ட் வந்ததும் மெஷின் ஓடும்; ஆனால் மூடி திறந்திருந்தால் ஓடக்கூடாது. மூடியின் விளிம்பில் ஒரு காந்தம் இருக்கும். அது சென்சாருக்கு அருகே வந்தால், மூடியிருக்கிறது என்று பொருள். பெட்டியில் பதிவாகியிருந்ததை அவள் படித்தாள். 10.42. மூடி: மூடியுள்ளது. மோட்டார்: ஓடுகிறது.

பெட்டியின் பக்கவாட்டில் தனியாக இன்னொரு காந்தம் ஒட்டியிருந்தது.

"இது யாரு வெச்சதுங்க?"

"சின்னத்தாயிதானுங்க மேடம். ஷிப்ட் சீட்டு ஒட்டறதுக்கு வெச்சிருப்பா," என்றார் மோகன்குமார்.

"இதச் சென்சார்கிட்டக் கொண்டுபோயி வெச்சா, மூடி தொறந்திருந்தாலும் மெஷின் ஓடுமுங்க."

மோகன்குமார் காந்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை கம்பெனி ஆய்வகத்து மேசையில் இருந்த மாதிரிப் பெட்டியில் அதே மென்பொருளை ஏற்றி, அதன் சோதனை மூடியை இருபது முறை திறந்து பார்த்தாள். இருபது முறையும் மோட்டார் நின்றது. அறிக்கை எழுதினாள்: தொழிலாளி காந்தம் வைத்துச் சென்சாரை ஏமாற்றியிருக்கிறார். மறுநாள் சின்னத்தாயிக்கு வேலை போயிற்று.

அடுத்த வியாழன், காலை 9.30. பொள்ளாச்சியில் ஓர் ஆஸ்பத்திரி. அறிக்கையோடு சேர்க்க வேண்டிய வாக்குமூலத்தில் சின்னத்தாயியின் இடது கைப் பெருவிரல் ரேகை வாங்க வந்திருந்தாள் லோகப்பிரியா. வலது கை முழுக்கக் கட்டு.

"நான் சென்சார்ல எதையும் வெக்கலீங்க அம்மணி."

"மூடியிருந்துச்சுன்னு பதிவுல இருக்குதுங்களே அக்கா."

சின்னத்தாயி கேட்டாள். "தெனமும் சாயங்காலம் மோட்டார நிறுத்திப்போட்டு, மூடியத் தொறந்து தூசி தட்டறனுங்க. அதெல்லாம் உங்க பதிவுல இருக்குதுங்களா?"

லோகப்பிரியா மடிக்கணினியைத் திறந்தாள். ஜூன் பதினான்கு வரை, தினமும் மாலையில் ஒரு 'திறந்துள்ளது'. அதற்குப் பிறகு நான்கு மாதமாக ஒன்றுகூட இல்லை.

"ஜூன்ல என்னங்க அக்கா ஆச்சு?"

"இடி உழுந்துச்சுங்க. உங்க ஆளுகதான் வந்து பெட்டிய மாத்திப்போட்டுப் போனாங்க."

மை டப்பாவைத் திறக்காமலே லோகப்பிரியா எழுந்தாள்.

மதியம் 2.15. பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகைதான் போர்டு. ஆய்வக மேசையில் இருந்தது பழைய வகைப் போர்டு. ஜூனில் மில்லுக்குப் போனது புது வகை. ஸ்டோரிலிருந்து புதுசு ஒன்றை வரவழைத்துப் பொருத்தி, சோதனை மூடியைத் திறந்தாள். பதிவில் வந்தது: மூடியுள்ளது.

சென்சாரின் செய்தி போர்டில் ஓர் இடத்தில் வந்து நிற்கும். தெருவில் வீட்டுக்கு எண் இருப்பதுபோல் அந்த இடத்துக்கும் ஓர் எண் உண்டு. டிரைவர் என்ற நிரல் அந்த எண்ணில் போய்ப் பார்க்கும். எந்தப் போர்டில் எது எங்கே என்று எழுதிவைக்கும் தனிக் கோப்புக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். அதை எழுதுபவள் லோகப்பிரியாவின் பிரிவில் வேலை செய்யும் அன்புக்கரசி.

"புது எண்ணச் சரியாத்தானுங்க போட்டிருக்கேன் மேடம்," என்றாள் அவள்.

சரியாகத்தான் இருந்தது. ஆனால் டிரைவர் அந்தக் கோப்பைப் படிக்கவே இல்லை. பழைய எண் டிரைவருக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. புதுப் போர்டில் அந்த இடம் காலி. எப்போது கேட்டாலும் பூஜ்யம். பூஜ்யம் என்றால் மூடியுள்ளது.

யார் எழுதியது? எந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்ற வரலாறு கணினியில் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய வரி. அதன் கீழே அன்புக்கரசியின் குறிப்பு: 'இது போர்டுக்குப் போர்டு மாறும் எண். டிவைஸ் ட்ரீயில் இருக்கலாமே?' அதற்குப் பதில்: 'நமக்கு ஒரே போர்டுதான். டிரைவரிலேயே இருக்கட்டும். நேரமில்லை.' வரியையும் பதிலையும் எழுதியவர் பெயர் லோகப்பிரியா.

அவளுக்குக் காது மடல் சுட்டது. "மறுபடியும் ஒருக்கா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"ஒருக்கா சொன்னேனுங்க மேடம்," என்றாள் அன்புக்கரசி, திரையைப் பார்த்தபடி.

மாலை 4.00. கம்பெனி முதலாளி சுரேந்தரின் அறை.

"யாரு தப்புன்னு தெரிஞ்சுதா பிரியா?"

"நாந்தானுங்க சார்."

அவர் நிமிர்ந்தார்.

"எது எங்க இருக்குதுங்கறது போர்டோட சங்கதிங்க. அது டிவைஸ் ட்ரீல இருக்கோணும். அத எப்படிப் படிக்கறதுங்கறது மட்டுந்தான் டிரைவரோட வேலை. நான் ரெண்டையும் ஒண்ணாக் கலந்துபோட்டேன். அது அவசரத்துல செஞ்சது. இந்த அறிக்கை அப்படியில்லீங்க. காந்தம் கண்ணுல பட்டதும் தேடறத நிறுத்திட்டேன். மில்லுல எந்தப் போர்டு இருக்குதுன்னுகூடப் பாக்கல. மெஷின் வேல செஞ்ச அம்மா மேலதான் தப்பு இருக்கும்னு எனக்குள்ள முன்னாடியே முடிவு இருந்திருக்குது."

சுரேந்தர் பேனாவை மூடித் திறந்தார். "மென்பொருள மாத்தி அனுப்பீரலாம். அறிக்கை இருந்துட்டுப் போகட்டுமே."

"புதுப் போர்டு போன பதினோரு மில்லுக்கும் போன் பண்ணி மெஷின நிறுத்தச் சொல்லீட்டனுங்க. காரணத்தையும் சொல்லீட்டேன்."

வெள்ளி, காலை 9.00. ஆஸ்பத்திரியில் லோகப்பிரியா சின்னத்தாயியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தலை நிமிரவில்லை. சின்னத்தாயி அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க அம்மணி ஆவுது? என்னைய ஏமாத்துக்காரின்னு பேசறது மில்லுல. அங்க வந்து சொல்லுங்க."

திங்கள், காலை 10.30. மில்லில் மெஷின் நின்றிருந்தது. நார் தூசிக்கு நடுவே தொழிலாளர்கள் இருபத்து மூன்று பேர் கூடியிருந்தார்கள். மோகன்குமார் ஓரமாக நின்றார். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி சின்னத்தாயி முன்வரிசையில் இருந்தாள்.

லோகப்பிரியா வாயைத் திறந்தாள். "சின்னத்தாயி அக்கா மேல எந்தத் தப்பும் இல்லீங்க. நான் எழுதுனது..." குரல் உள்ளே போயிற்று.

"சத்தமாச் சொல்லுங்க அம்மணி," என்றாள் சின்னத்தாயி. "பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."