விடை கொடுக்கும் பொறி

மூத்தோர் மருத்துவக் காப்பு நிலையத்துக்கு வருகிறவர்கள், வந்த வேலை முடிந்ததும் காதில் பஞ்சை அடைத்துக்கொள்வார்கள். பஞ்சு அரசாங்கச் செலவு. எல்லாம் அந்த நாடிப்பொறி படுத்திய பாடு! உள்ளங்கையை வைத்து நாலு வார்த்தை பேசினால், நம் ஆயுளும், நாம் சொல்வது பொய்யா என்பதும் அதற்குத் தெரிந்துவிடும். ஆயுளை வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம்; பொய் சொல்லவும் அதற்கு வராது. ஆகவே அடுத்த ஆண்டு திட்டத்தைப் புதுப்பிக்க உயிரோடு வரப்போகிறவரிடம் "போயிட்டு வாங்க" என்று விடை கொடுக்கும். மற்றவரிடம் வெறும் "சரிங்க."

வெறும் 'சரிங்க' ஏன் என்று நம்மவர்கள் துருவாமல் விடுவார்களா? ஒரே மாதத்தில் ஊருக்கே விஷயம் புரிந்துவிட்டது. தன் முடிவோ துணையின் முடிவோ தெரிந்தவர் திட்டத்தை மாற்ற முடியாது என்று உடனே ஒரு விதியும் வந்தது.

செண்பகவடிவுக்குக் கவலையெல்லாம் கணவர் ஆவுடையப்பனைப் பற்றித்தான். அவருக்கு இதயம் பலவீனம். இருந்தவை இரண்டு திட்டங்கள். தனிக்காப்பில் இருவருக்கும் இப்போதே நல்ல சிகிச்சை. ஆனால் ஒருவர் போனால் அவர் பங்கும் போச்சு. இணைக்காப்பில் இப்போது சிகிச்சை குறைவு. ஒருவர் போனபின் மற்றவருக்கு வீட்டோடு ஒரு செவிலியர், கடைசிவரை.

"யாரு முந்தின்னு பாக்க இதென்ன பந்தயமா?" என்று சொல்லித் தனிக்காப்பை எடுத்தவள் அவளேதான்.

எழுந்தபோது ஆவுடையப்பன் பஞ்சை ஒழுங்காக அடைத்துக்கொண்டார். அவருடைய சேதியைக் கேட்டுவிடும் ஆசையில் இவள் அடைக்கவில்லை.

"ஐயா, போயிட்டு வாங்க" என்றது பொறி. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை.

"அம்மா, சரிங்க."

அப்படியானால் முந்தப்போவது அவள். ஐயோ, இந்த மனுஷனுக்கு ஒரு காப்பி போடக்கூடத் தெரியாதே! மறுபடி உட்கார்ந்து உள்ளங்கையை வைத்தாள்.

"இணைக்காப்புக்கு மாத்தணும்."

"புதுசா எதுவும் தெரிய வந்துதா அம்மா?"

"ஒண்ணுமில்ல."

கைக்கடியில் சிவப்பு எரிந்தது. "மன்னிக்கணும். நீங்க மாத்த முடியாது."

எதுவும் தெரியாத துணைவர் கேட்டால் மாற்றலாம். அவர் காதிலிருந்த பஞ்சை எடுத்தாள். "ஏங்க, இணைக்காப்பே எடுத்துருவோம். நீங்க சொல்லுங்க."

"ஏன், திடீர்னு?"

காரணத்தைச் சொன்னால் அவர் கையிலும் சிவப்பு எரியும். சொல்லாமல் நின்றாள், கண்ணீர்தான் நிற்கவில்லை. அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"கிறுக்கி! நான் போயிட்டா நீ தனியாக் கெடப்பேன்னு பயப்படுதியா? இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். அவர் கையை வைத்தார்.

"புதுசா எதுவும் தெரிய வந்துதா ஐயா?"

"என்னத்த தெரியணும்? எனக்கப்புறமும் இவ ரொம்ப நாள் இருக்கப் போறா. இவளப் பாத்துக்க ஆள் வேணும்."

கைக்கடியில் பச்சை எரிந்தது. "நீங்க மனசாரச் சொல்றீங்க ஐயா. மாத்தியாச்சு."

அடுத்து அது விடை கொடுக்கும். செண்பகவடிவு பாய்ந்து இரு கைகளாலும் அவர் காதுகளை இறுக்கிப் பொத்தினாள்.

"ஏட்டி, விடு!" என்று சிரித்தார் ஆவுடையப்பன். "அது என்ன சொன்னா என்ன? எனக்கு என்ன பயம், நீதான் இருக்கேல்லா!"

பொறி இரண்டு முறை பேசி ஓயும்வரை அவள் கையை எடுக்கவில்லை.