கிட்டே காட்டும் கண்ணாடி

மத்தியானம் ஆற்றங்கரையில் நின்ற ஆள், பொழுது சாயும்போது களத்துமேட்டில் நின்றான். அவன் நடந்து வந்ததைக் காசம்மாள் பார்க்கவில்லை.

கண்புரை எடுத்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. பாகூர் முகாமில் கொடுத்த சோடாபுட்டிக் கண்ணாடி மூக்கில் ஏறிய நாளிலிருந்து உலகமே அவளிடம் வம்பு செய்தது. நிலைப்படி வில்லாக வளைந்தது, வாசல் தரை எழும்பி முழங்காலுக்கு வந்தது, குழம்புச் சட்டியை மேடையில் வைப்பதாக நினைத்துக் காற்றில் வைத்து உடைத்தாள். ஆனாலும் கழற்ற மாட்டாள். கழற்றினால் தன் கைவிரல்கூடப் புகையாகிவிடும். மஞ்சள் காமாலையில் கிடக்கும் மகன் சாமிக்கண்ணுவுக்குக் கஞ்சி காய்ச்சவாவது கண் வேண்டுமே. அவன் அப்பன் மாரிமுத்துவைத் தென்பெண்ணை வெள்ளம் கொண்டுபோனபோது உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவளுக்கு மிஞ்சியது இந்தப் பிள்ளை ஒன்றுதான்.

"டேய், களத்துமேட்டுல யாரோ ஈர வேட்டியோட நிக்கிறாங்கடா. மத்தியானம் கரையில நின்னாங்க."

கட்டிலில் கிடந்த சாமிக்கண்ணு காய்ச்சலிலும் சிரித்தான். "இன்னாம்மா நீ. இந்தக் கண்ணாடி எல்லாத்தையும் பெரிசா, கிட்டக்க காட்டும்னு டாக்டரு சொன்னாரே, மறந்துட்டியா?"

அட, ஆமாம். அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

சிம்னி விளக்கை ஏற்றும்போது மண்ணெண்ணெய் வாசனைக்கும் ஈர வைக்கோல் வாசனைக்கும் நடுவே ஆற்றுச் சேற்றின் வாடை நுழைந்தது. வயலில் கத்திக்கொண்டிருந்த தவளைகள் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் சாமிக்கண்ணுவின் முனகலும், எங்கோ தண்ணீர் சொட்டும் ஓசையும் மட்டும் மிஞ்சின. மழை இல்லை. பானையைத் தடவிப் பார்த்தாள். ஒழுகவில்லை.

இப்போது அந்த ஆள் வேலிப் படலருகே நின்றான். தலை குனிந்திருந்தது.

கண்ணாடிதான் இப்படிக் காட்டுகிறது என்று சொல்லிக்கொண்டாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

சொட்டும் ஓசை உள்ளே கேட்டது.

திரும்பினாள். கட்டிலின் தலைமாட்டில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

கண்ணாடிதான். தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுகிறது. சாத்திய கதவுக்குள் தூரம் ஏது என்று புத்தி கேட்டது. அவள் காது கொடுக்கவில்லை. கழற்றினால் போய்விடும்.

கழற்றினாள்.

விளக்கு கரைந்தது. கட்டில் கரைந்தது. பெற்ற பிள்ளையின் முகம் மஞ்சள் புகையானது.

அந்த ஆள் மட்டும் கரையவில்லை.

வேட்டியின் பச்சைக் கரை. கால் நகத்தில் அப்பிய வண்டல். காதில் அவள் கையால் போட்டுவிட்ட கடுக்கன். எல்லாம் தெளிவாக.

"வேணாம்யா," என்றாள். "அவன வுட்டுடு. என்ன இட்டும்போ."

மாரிமுத்து நிமிரவில்லை. ஈரக் கையை மகனின் நெற்றியில் வைத்துக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தார். முனகல் நின்றிருந்தது.