நிமிடத்துக்கு ஆறு

ஒன்றும் வரக் கூடாத இடத்தில் திரை நிறைய வரிகள் வந்து நின்றன. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலாளரை அழைத்தாள்.

அவளுக்குப் புகார்களைப் பார்க்கும் வேலை. குழந்தைகளின் அறையில் மாட்டும் கருவி அது. அங்கே யார் மூச்சுவிட்டாலும், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று ஆளுக்கொரு வரி எழுதிவைக்கும். ஒரு தாய், மகன் தனியாகத் தூங்கும்போது இரண்டு வரி வருகிறது, இரண்டாவதில் தூங்குகிற யாருக்கும் வராத வெறும் ஆறு மூச்சு என்று எழுதியிருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்கத் தன் மகளின் அறையில் மாட்டிய கருவியின் பதிவையே எடுத்தது தப்பாகப் போயிற்று. மூன்று நாளாக மகளுக்குக் காய்ச்சல். இவளுக்குச் சரியான தூக்கமே இல்லை.

"ஆறுன்னு தேடினேன் சார். எங்க வீட்டுலயே நூத்துக்கணக்குல வருது."

"ஏம்மா, தூங்கிட்டே தேடினியா? வெறும் ஆறுன்னா இருபத்தாறும் வரும், மணி ஆறும் வரும். வரிக் கடைசியில தனியா நிக்கிற ஆறை மட்டும் தேடு. ஒண்ணும் வராது. புகாரை மூடிட்டு நீயும் கொஞ்சம் கண்ணசரு."

அசடு வழிந்தபடி திருத்தித் தேடினாள். மகள் படுத்திருந்த பக்கத்து அறையில் மின்விசிறி ஒரே சீராகக் கறகறத்துக்கொண்டிருந்தது, மதிய வெயிலில் சூடேறிய திரைச்சீலையின் வாடையோடு மருந்தின் கசப்பு நெடியும் கதவிடுக்கு வழியே கசிந்து வந்தது.

நாற்பத்தொரு வரிகள்.

நேற்றுக் காலை 9:10. அவள் குளிக்கப் போன நேரம். நேற்று மாலை, பால் காய்ச்சப் போன நேரம். எல்லாமே அவள் மகளின் அறையை விட்டு வெளியே வந்த நேரங்கள். கடைசி வரி, இன்று 2:07. இப்போது மணி 2:07.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று விழுந்தது. 2:08. ஆறு.

ஆறை மட்டும் தேடியதால்தான் மகளின் வரி தெரியவில்லை, அதுவும் இருக்கும், இருபத்தாறோ இருபத்தேழோ என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, தேடலை விலக்கி முழுப் பதிவையும் திறந்தாள்.

2:08. ஒரே வரி.

ஆறு.

ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. கடவுளே, உயிரோடு இருக்கிறாள்.

"வந்துட்டியாம்மா," என்று சிரித்து, சுவரோரம் நகர்ந்து இடம்விட்டாள். சின்ன மார்பு மெல்ல ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. அது இறங்கத் தொடங்குவதற்குள் இவள் ஐந்து வினாடி எண்ணிவிட்டாள்.