ஆறு கறுப்பு ரிப்பன்

அலறல் நிலவறைப் பக்கமிருந்து வந்தது.

வின்டர்லீ ஹாலின் நானூறு வருடச் சுவர்கள் அதை வாங்கி, மாடி வரை கொண்டுபோய், திருப்பி அனுப்பின.

இமோஜன் டீ ட்ரேயை மேஜை மேல் போட்டுவிட்டு ஓடினாள்.

நிலவறைப் படிகளின் உச்சியில், வீடு வாங்க வந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் அளவெடுக்கும் டேப். வரும்போதே டேப்போடுதான் வந்தாள். 'இன்னும் கையெழுத்தே ஆகல, அதுக்குள்ள திரைச்சீலைக்கு அளவா?' என்று இமோஜன் கால் மணி நேரம் முன்புதான் பல்லைக் கடித்திருந்தாள்.

இப்போது அந்த டேப்பின் மறுமுனை பதினெட்டுப் படிகள் உருண்டு கீழே போயிருந்தது.

அது போய் நின்ற இடத்தில்...

சைடர் என்ற ஆப்பிள் மதுப் பீப்பாய்களுக்கு நடுவே, மல்லாந்து கிடந்தார் அகஸ்டஸ் வேவரிங். மாளிகையின் சொந்தக்காரர். எழுபத்தோரு வயது. கண்கள் திறந்திருந்தன.

"அப்பா..."

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மணி பத்தரை. ஏஜென்ட் ஃபென்விக் அச்சடித்த விற்பனை விளம்பரத்தில் பதினொரு படுக்கையறைகள் இருந்தன. ஓக் மரக் கூடம் இருந்தது. ஹெர்ஃபர்ட்ஷயர் மாவட்டத்திலேயே பழைய நிலவறை என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

பிணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை!

*

இன்ஸ்பெக்டர் ஹாலம் பர்மிங்காம்காரர். மாற்றலாகி வந்து மூன்று மாதம். கிராமத்துச் சேறு இன்னும் அவருடைய ஷூவுக்குப் பழகவில்லை.

"மிஸ் வேவரிங், உங்கப்பா காலைல ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவுல செத்திருக்கார்னு டாக்டர் சொல்றார்."

"படி வழுக்கி..."

"நானும் அப்படித்தான் நெனைச்சேன். ஆனா வாசல் சாவியை எப்பவும் கோட்டுப் பாக்கெட்லயே வெச்சிருப்பாராமே? சமையல்காரம்மா சொன்னாங்க."

"ஆமா. அரையடி நீளம், இரும்புச் சாவி. அது ஒண்ணுதான் இருக்கு. அதுக்குன்னே பாக்கெட்டை ஆழமா தைக்கச் சொல்லுவார்."

"பாக்கெட் இருக்கு. சாவி இல்ல. செத்தவர் பாக்கெட்லேர்ந்து சாவி தானா எந்திரிச்சு நடந்து போகாது. பக்கத்துல யாரோ இருந்திருக்காங்க."

இன்ஸ்பெக்டர் நோட்டில் ஒரு பக்கம் புரட்டினார்.

"நேத்து சாயந்திரம் ஆறு மணிக்கு அவர்கிட்ட சண்டை போட்டீங்களாம்."

"போட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"இந்த வீட்டை வித்தா உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஏதோ சொல்ல வந்தார். நான் கதவை அறைஞ்சு சாத்திட்டு வந்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவால் தாடையைத் தட்டினார். "இன்னிக்குப் பதினொரு மணிக்கு விற்பனை முடியுதுன்னு வீட்டுல எல்லாரும் சொல்றாங்க. பத்தரைக்குப் பிணம் கெடைக்குது. விற்பனை நின்னா, வீடு ஒரே பொண்ணுக்கு. நீங்க என் எடத்துல இருந்தா யாரைக் கேப்பீங்க?"

"என்னைத்தான்."

"அதான் கேக்கறேன். ஏழரைலேர்ந்து எட்டரை வரைக்கும் எங்க இருந்தீங்க?"

ஆற்றங்கரையில். தனியாக. கோபம் தீரும்வரை நடந்துகொண்டு. அவளைப் பார்த்தவை இரண்டே இரண்டு வாத்துகள்.

வாயைத் திறந்தாள்.

"எங்கூட இருந்தா சார்."

குரல் வாசல் பக்கமிருந்து வந்தது. தொப்பியைக் கையில் கசக்கியபடி ரோவன் நின்றான். ஒன்பது வருடமாக வின்டர்லீயின் தோட்டத்தையும் தேனீக்களையும் பார்த்துக்கொள்கிறவன். வரும் செப்டம்பரில் இமோஜனைக் கல்யாணம் செய்யப் போகிறவன்.

"என் குடில்ல. ஏழு மணிலேர்ந்து ஒன்பது வரைக்கும். முட்டை பொரிச்சேன், தீய்ஞ்சு போச்சு. அதையும் எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். "சரிதானா மிஸ் வேவரிங்?"

அவள் ரோவனைப் பார்த்தாள்.

"சரிதான்," என்றாள் இமோஜன்.

*

சமையலறையில் யாரும் இல்லை. ரோவன் டீ ஊற்றினான்.

"எதுக்குப் பொய் சொன்ன?"

"உனக்கு விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போறதை ஓரமா நின்னு பாக்கணுமா?"

"கண்டுபிடிச்சா நீயும் உள்ள போகணும்."

"ஒரே ஜெயில்னா எனக்குச் சம்மதம்."

"ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் வேற வேற ஜெயில்டா, முட்டாள்."

"அப்ப வேணாம். டீயைக் குடி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் அழுகையானது. காலையிலிருந்து முதல் அழுகை.

சட்டென்று நிமிர்ந்தாள்.

"ரோவன்... தேனீங்களுக்கு யாரும் சொல்லலையே."

அந்தப் பக்கத்தில் அது பழக்கம். வீட்டு எஜமானர் செத்தால், அவருடைய தேனீக்களுக்கும் துக்கம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெட்டியாகப் போய், மூன்று முறை தட்டி, விஷயத்தைச் சொல்லி, கறுப்பு ரிப்பன் கட்ட வேண்டும். சொல்லாமல் விட்டால் தேனீக்கள் கோபித்துக்கொண்டு கூண்டோடு போய்விடும். ரோவனின் அப்பா செத்தபோது வீட்டில் எல்லாரும் மறந்துவிட்டார்கள். எட்டே நாளில் அத்தனை பெட்டியும் காலி. அம்மா புருஷனுக்காக அழுததைவிட அதற்காக அழுததுதான் அதிகம் என்று ரோவன் பலமுறை சொல்லியிருக்கிறான்.

"சொல்லிட்டேன் இம்மி. அந்தம்மா அலறினதைக் கேட்டு ஓடி வந்தேன். பாத்தேன். உடனே தோட்டத்துக்குத்தான் போனேன். பத்தே முக்காலுக்கெல்லாம் ஆறு பெட்டிக்கும் சொல்லியாச்சு."

உலகமே சந்தேகமாகப் பார்க்கும் நாளில், இவன் ஒருத்தன் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கிறான்!

இமோஜன் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். அவன் சட்டையில் தேன்மெழுகு வாசனை.

*

போலீஸ் போகச் சொல்லும்வரை போகக்கூடாது என்பதால், ஏஜென்ட் ஃபென்விக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். லண்டன்காரர். இமோஜனைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார்.

"இந்த நேரத்துல சொல்றது நல்லா இல்ல..."

"அப்ப சொல்லாதீங்க."

"சின்ன விஷயம்தான். தோட்டத்துல அந்த வெள்ளைப் பெட்டிங்க மேல எவனோ கறுப்புத் துணி கட்டி வெச்சிருக்கான். நேத்து மழை, இன்னிக்கு நல்ல வெயிலேன்னு புதுசா போட்டோ எடுக்க ட்ரோனைப் பறக்க விட்டேன். பாருங்க. கல்யாணப் போட்டோவுல காக்கா உக்காந்த மாதிரி இருக்கு."

டேப்லெட்டை நீட்டினார்.

ஆப்பிள் மரங்கள் பூத்துக் குலுங்கின. நடுவில் ஆறு வெள்ளைப் பெட்டிகள். ஆறு கறுப்பு ரிப்பன்கள்.

"எப்ப எடுத்தீங்க?"

"காலைலதான்."

"மணி?"

"அதோ, மூலைல போட்டிருக்கே."

8.50.

இமோஜன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிணம் கிடைத்தது பத்தரைக்கு. தேனீக்களுக்குத் துக்கச் செய்தி போனது எட்டு ஐம்பதுக்கு முன்பு!

வழக்கப்படி பெட்டியைத் தட்டுவது எதைக்கொண்டு? கையால் இல்லை. குச்சியால் இல்லை.

வீட்டு வாசல் சாவியால்.

ஃபென்விக் பேசிக்கொண்டே போனார். "தோட்டம் விற்பனையில சேராதுதான். இருந்தாலும் ஜன்னல்லேர்ந்து பாத்தா தெரியுது இல்ல..."

"சேராதா?"

"உங்களுக்குத் தெரியாது? நேத்து அஞ்சு மணிக்கு ரெண்டு பக்கத்து வக்கீலும் போன்ல பேசி விற்பனையை முடிச்சுட்டாங்க. தோட்டத்தையும் குடிலையும் மட்டும் உங்கப்பா பிரிச்சு எடுத்துட்டார். பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கல்யாணப் பரிசு, ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல சொல்லப் போறேன்னார். பாவம்."

"இன்னிக்குப் பதினொரு மணிக்குத்தானே கையெழுத்து?"

"கையெழுத்தெல்லாம் போன வாரமே போட்டாச்சு. பதினொரு மணிக்கு ஷாம்பெயின். அந்தம்மா திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்தாங்க."

"இப்ப அப்பா இல்லையே. வீடு?"

"அவர் இருந்தாலும் இல்லாட்டாலும் அவங்களுக்குத்தான். சட்டம் அப்படி."

அறைந்து சாத்திய கதவுக்குப் பின்னால் அப்பா சொல்ல வந்தது இதைத்தான். இமோஜன் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஃபென்விக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

*

"காலைல நான் சொன்னது பொய் சார். ரோவன் குடில்ல நான் இல்ல. தனியா ஆத்தங்கரைல இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "உங்களுக்கு இருந்த ஒரே சாட்சியை நீங்களே ஒடைக்கிறீங்க. தெரியுதா?"

"அது எனக்குச் சொன்ன சாட்சி இல்ல. அவன் தனக்குச் சொல்லிக்கிட்டது."

படத்தைக் காட்டினாள். ரிப்பனைச் சொன்னாள். சாவியைச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தேனீக்கு... துக்கம் சொல்லுவீங்களா?"

"சொல்லுவோம்."

"பர்மிங்காம்ல நாங்க மாமியாருக்கே சொல்றதில்ல." படத்தைக் கீழே வைத்தார். "இது மட்டும் போதாது. வேற யாரோ கட்டினாங்கன்னு வக்கீல் வாதாடுவான். எனக்கு அந்தச் சாவி வேணும். அவன் வாயாலயே ஒரு வார்த்தையும் வேணும்."

"வாங்க," என்றாள் இமோஜன். "பெரிய மரமா பாத்து நின்னுக்குங்க. அசையாதீங்க. அதுங்களுக்கு வெளியூர்க்காரங்களைப் பிடிக்காது."

*

மூன்றாவது பெட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தான் ரோவன். வலை போட்டுக்கொள்ளும் வழக்கம் அவனுக்கு இல்லை. தேனீக்கள் அவன் மணிக்கட்டில் நடந்து திரிந்தன.

"எப்படி எடுத்துக்கிட்டாங்க?" என்றாள் இமோஜன்.

"அமைதியா இருக்காங்க. போக மாட்டாங்க."

"மூணு தட்டு தட்டினியா?"

"தட்டாம?"

"எதால?"

அவனுடைய வலது கை, அவனைக் கேட்காமலே, மேலங்கியின் பாக்கெட்டை நோக்கிப் போனது.

பாதி வழியில் நின்றது.

அது போதுமானதாக இருந்தது.

"இம்மி..."

"எட்டு அம்பதுக்கு ஃபென்விக் மேலேர்ந்து போட்டோ எடுத்திருக்கார். ஆறு ரிப்பனும் தெரியுது."

ரோவன் துணியை மூடி மேல் வைத்தான். பெட்டிகள் ரீங்காரமிட்டன.

"பேசத்தான் போனேன்," என்றான் கடைசியில். "நிலவறைப் படிகிட்ட நின்னுட்டிருந்தார். வீட்டை விக்காம ஒரு வருஷம் பொறுங்கன்னு கேட்டேன். சிரிச்சார். 'ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுப்பா, எல்லாம் சரியாயிடும்'னு தோள்ல தட்டினார். ஒன்பது வருஷம் உழைச்சவனை நாயைத் தடவற மாதிரி தடவி அனுப்பறாரேன்னு... ஒரே தள்ளு. அவ்வளவுதான். உனக்காகத்தான் இம்மி. வீடு போகக்கூடாதுன்னு நீதானே அழுத?"

"வீடு நேத்தே போயாச்சு. போகாதது இந்தத் தோட்டமும் உன் குடிலும்தான். நம்ம ரெண்டு பேர் பேர்லயும் எழுதச் சொல்லியிருக்கார். அதைத்தான் ஞாயித்துக்கிழமை சொல்ல இருந்தார்."

"பொய்."

"ஃபென்விக்கைக் கேளு."

ரோவன் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தான்.

"தள்ளினதைக் கோபம்னு வெச்சுக்கறேன்," என்றாள் இமோஜன். "அதுக்கப்புறம் கீழ எறங்கி, அவர் பாக்கெட்லேர்ந்து சாவியை எடுத்திருக்க. ரிப்பன் தேடியிருக்க. ஒவ்வொரு பெட்டிகிட்டயும் குனிஞ்சு, பக்குவமா சொல்லியிருக்க. பூச்சிக்குச் சொன்னே ரோவன். எனக்குச் சொல்லல. அவர் கீழ கெடக்கும்போது என்னை மேல வந்தவங்களுக்கு டீ போட விட்ட."

"சொல்லலைன்னா போயிடும் இம்மி. எல்லாம் போயிடும். எனக்குத் தெரியும்."

"நான் போறேனே, அது தெரியலையா?"

அவன் அவளைப் பார்த்தான். மெதுவாக எழுந்தான். இதுவரை அவள் பார்த்திராத ஒரு சிரிப்பு அவன் உதட்டில் வந்தது.

"போ. போய்ச் சொல்லு. யாரு நம்புவா? காலைல போலீஸ்கிட்ட பொய் சொன்னவ நீ. அப்பன்கூட சண்டை போட்டவ நீ. சாவியை ஆத்துல போட எனக்கு ரெண்டு நிமிஷம் போதும். நான் இப்ப சொன்னதுக்கு இங்க சாட்சி எவன் இருக்கான்?"

ஒன்பது வருடம் அவள் சாய்ந்திருந்த தோள், கண்ணெதிரே வேறு யாருடையதாகவோ ஆகிப்போனது.

"ஆ!"

பெரிய ஆப்பிள் மரத்தின் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

காதைப் பொத்திக்கொண்டு, பூவிதழ்களை உதறிக்கொண்டு இன்ஸ்பெக்டர் ஹாலம் வெளியே வந்தார். மறுகையால் ரோவனின் மணிக்கட்டைப் பிடித்து, மேலங்கிப் பாக்கெட்டிலிருந்து அரையடி இரும்புச் சாவியை உருவினார்.

"சாட்சிக்கா பஞ்சம் தம்பி? ஆறு பெட்டி. பெட்டிக்கு அம்பதாயிரம். மூணு லட்சம் பேர் கேட்டுக்கிட்டிருந்தாங்க."

பணியாரம்போல வீங்கிக்கொண்டிருந்த காதைத் தடவிக்கொண்டார்.

"அதுல ஒரு அம்மா இப்பவே வாக்குமூலம் குடுத்துட்டாங்க... நேரா என் காதுல!"