மூன்று கோடுகள்

பூஜ்யம் வந்திருந்தால் சைக்கிள் மெக்கானிக் ஸ்பேனர் கவலைப்பட்டிருக்க மாட்டாள். திரையில் வந்தது மூன்று கோடுகள்.

பெடலைத் தாங்கும் கிராங்குக்குள் பவர் மீட்டர் இருக்கிறது. காலின் விசையை அளந்து, ஹேண்டில்பாரில் மாட்டிய குட்டித் திரைக்குக் கம்பியில்லாமல் எண்ணாக அனுப்புவது அதன் வேலை. யாரும் மிதிக்காவிட்டால் பூஜ்யம் காட்டும். சிக்னலே வந்து சேராவிட்டால்தான் மூன்று கோடுகள்.

டாக்டரம்மா காலையில்தான் அந்த டிரையத்லான் பந்தய சைக்கிளை இறக்கிவிட்டுப் போனாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"மூணு வாரமா இதே தொல்லைம்மா. என் பயிற்சி ரூம்ல மட்டும் சிக்னல் போயிப் போயி வருது."

"ஞாயித்துக்கிழமை பந்தயமாச்சே டாக்டரம்மா. சாயங்காலமே தந்துடறேன்."

"அவசரமே இல்ல. உங்கிட்டயே இருக்கட்டும்."

பந்தயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சைக்கிளை 'உங்கிட்டயே இருக்கட்டும்' என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். ஊரில் பாதிப் பேரின் சைக்கிளைப் பிரித்து மாட்டிப் பட்டப்பெயர் வாங்கிய ஸ்பேனருக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும்.

பின்சக்கரம் தரையில் படாதபடி சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, மீட்டரின் பட்டன் பேட்டரியை மாற்றினாள். திரையையும் மீட்டரையும் பிரித்து மறுபடி இணைத்தாள். கைப்பிடிகளுக்கு நடுவே தண்ணீர் பாட்டில். தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும். அதையும் கழற்றினாள். ஐந்து நிமிடம் பூஜ்யம். பிறகு மூன்று கோடுகள்.

அடுத்து அவள் எப்போதும் செய்வதைச் செய்தாள். வெளியிலிருந்து வேறு அலைகள் வரக்கூடாது என்று அந்த அடித்தளக் கடையின் இரும்பு ஷட்டரை இழுத்து இறக்கினாள். பூட்டு வெளியே கொக்கியில் சாவியோடு தொங்கிக்கொண்டிருந்தது. செல்போனை அணைத்தாள். விளக்கையும் மின்விசிறியையும் நிறுத்தினாள். மத்தியானம் இரண்டு மணி. உள்ளே கிரீஸ் நாற்றமும் ரப்பர் வாசனையும் டார்ச்சின் மஞ்சள் வட்டமும் மட்டும் மிஞ்சின.

பெடலை ஒரு சுற்றுச் சுற்றி மீட்டரை விழிக்கவைத்துவிட்டு, திரையைக் கையில் எடுத்துக்கொண்டு சிக்னல் எங்கே சாகிறது என்று தேடி நடந்தாள். ஷட்டர் ஓரம், பூஜ்யம். டயர் அடுக்கு, பூஜ்யம். வேலை மேஜை, மூன்று கோடுகள். ஓரடி நகர்ந்தாள், பூஜ்யம். திரும்பினாள், கோடுகள். மேஜைக்கும் சைக்கிளுக்கும் நடுவே வெறும் தரை. அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டாள். ஒரு ஆள் நிற்கிற அகலம்தான் இருந்தது.

தண்ணீரைப் போலவே உடம்பும் சிக்னலைக் குடிக்கும். உடம்பு என்ன, தண்ணீர் மூட்டைதானே. தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இப்போது ஏன் ஞாபகம் வந்தது?

மறுபடி மேஜையோரம் நின்று பார்த்தாள். பூஜ்யம். அப்பாடா என்று டார்ச் வெளிச்சத்தைத் தரையில் திருப்பினாள். சாக்பீஸ் வட்டம் நனைந்து கரைந்திருந்தது. அதிலிருந்து ஒரு ஈரத் தடம். அடுத்தது அவளை நோக்கி.

ஸ்பேனர் பின்வாங்கினாள். கோடுகள். இடப்பக்கம் ஒதுங்கினாள். பூஜ்யம். ஒரு மூச்சு. கோடுகள்.

அது கூடவே நகர்ந்தது.

டார்ச்சைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஷட்டரைப் பிடித்துத் தூக்கினாள். நாலு விரல் எழும்பிச் சிக்கிக்கொண்டது. இடுக்கில் வெயில். வெயிலில் இரண்டு வெள்ளைச் செருப்புகள்.

"டாக்டரம்மா! நீங்களா? தூக்குங்க, சீக்கிரம்!"

செருப்புகள் அசையவில்லை.

"காலையில வீட்டுக்குப் போய் அதே ரூம்ல பழைய சைக்கிள்ல ஓட்டிப் பாத்தேன்மா," என்றது குரல், அழுகையை அடக்கியபடி. "முழுசா ரெண்டு மணி நேரம். ஒரு தடவைகூட சிக்னல் அறுந்து போகல."

"என்ன சொல்றீங்க? இங்க உள்ள யாரோ..."

"தெரியும். மூணு வாரமா நான் தூங்கல. எனக்கு வீட்ல ரெண்டு குழந்தைங்க இருக்குதுங்கம்மா."

வெள்ளைச் செருப்பு ஒன்று ஷட்டரின் விளிம்பை மிதித்தது. வெயில் மறைந்தது. 'க்ளக்' என்று பூட்டு விழுந்தது. சாவி உருவப்படும் சத்தம். படிகளில் ஓடும் காலடிகள். ஸ்பேனர் இரும்பை அறைந்தாள். கத்தினாள். தொண்டை கிழிந்ததுதான் மிச்சம்.

செல்போன் மேஜையில். மேஜை எட்டடி தூரத்தில். டார்ச் எங்கோ உருண்டு அணைந்து போயிருந்தது.

கையில் திரை மட்டும் ஒளிர்ந்தது. பூஜ்யம்.

நடுவில் யாரும் இல்லை. போய்விட்டதா?

பன்னிரண்டு.

நாற்பது.

தொண்ணூற்றைந்து.

பின்னால் செயின் சலசலத்தது. சீட் முனகியது. நூற்றறுபது. நிதானமான, பழகின மிதி. அவள் திரும்பவில்லை. நெற்றியை இரும்பில் அழுத்திக்கொண்டு எண்ணையே பார்த்தாள். மிதிக்கிறவரை அது அங்கேதான் இருக்கும். மிதிக்கட்டும். மிதித்துக்கொண்டே இருக்கட்டும்.

நூற்றிருபது. ஐம்பது. பூஜ்யம்.

ஈரமாய் ஏதோ தரையில் இறங்கியது.

மிதிப்பாரில்லாத சக்கரம் மட்டும் இருட்டில் கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் மூன்று கோடுகள்.